ஜாஸ் பியானோவில் யார் பெரிய ஆள்? இடது கையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

ஒரு வாசகரின் கேள்வி (ஜூன் 4, 2024)

ஆஸ்கர் பீட்டர்சனுக்கு மேல் ஜாஸ் பியானோவில் ஆள் இல்லை என்பது என் கட்சி. அந்த வேகமும் சுத்தமும் வேறு யாரிடம் இருக்கிறது? எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் தெலோனியஸ் மங்க்கைக் கேட்டால் பாதி இடத்தில் தப்பான கட்டையில் கை விழுவது போலத்தான் எனக்குக் கேட்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 4, இரவு

பாதி மறுப்புதான். பீட்டர்சனின் கைவேகத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வேகம்தான் கணக்கு என்றால் அவருக்கு முன்பே ஆர்ட் டேட்டம் வந்துவிட்டார். ஒஹாயோவில் டோலிடோ என்ற ஊரில் 1909-ல் பிறந்தவர், பார்வை அநேகமாக இல்லை. 1933-ல் அவர் பதிந்த 'டைகர் ராக்' இசைத்தட்டைச் சிறுவன் பீட்டர்சனுக்கு அவருடைய அப்பா போட்டுக் காட்டியபோது, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே பையன் நினைத்தான். ஒரே ஆள்தான் என்று தெரிந்ததும் கொஞ்ச காலம் பியானோ பக்கமே போகவில்லை. அப்புறம் டேட்டம்மும் அவரும் நண்பர்களானார்கள், அந்த பயம் மட்டும் முழுசாக விடவில்லை என்று பீட்டர்சனே பேசியிருக்கிறார்.

வலது கை எல்லாருக்கும் கேட்டுவிடும். மேலே இருக்கிறது, ஓடுகிறது, பளபளக்கிறது. இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள், உங்கள் பட்டியலே மாறிவிடும். மங்க் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதை இரண்டு வரியில் முடிக்க மனசு வரவில்லை.

ஜூன் 5

ஏன் இடது கை என்று கேட்டிருந்தார்கள். திருச்சிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன் நான். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று எந்த மேடையானாலும் கீபோர்டுக்காரரின் இடது கைக்கும் பேஸ் கிட்டாருக்கும் எல்லைத் தகராறு உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழ் ஸ்தாயியில் இறங்கினால் பாட்டு சேறாகிவிடும். எங்கள் குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் ஒத்திகை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்: "தம்பி, நடுக் கட்டைக்குக் கீழே என் ஏரியா." அன்றிலிருந்து எந்தப் பதிவைக் கேட்டாலும் என் காது முதலில் அங்கேதான் போகும். கீழே யார் இருக்கிறார்கள், பியானோக்காரர் அவருக்கு எவ்வளவு இடம் விடுகிறார்? ஜாஸ் பியானோவின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பதில் ஸ்ட்ரைட் என்ற வாசிப்பு முறை. நியூயார்க் ஹார்லெமில் 1920-களில் வாடகைப் பணம் சேர்க்க வீட்டிலேயே விருந்து வைப்பார்கள். அங்கே டிரம்ஸும் கிடையாது, பேஸும் கிடையாது, ஒரு பியானோ மட்டும். ஆட்டம் நிற்கக் கூடாது. அதனால் இடது கை ஒன்றாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் கீழே போய் ஒரு கனமான ஸ்வரம், இரண்டுக்கும் நான்குக்கும் நடுவுக்குத் தாவி ஒரு கார்ட் (சேர்த்து அழுத்தும் சில ஸ்வரங்கள்) என்று ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921-ல் பதிந்த 'கரோலைனா ஷவுட்' இதற்கு நல்ல உதாரணம். இளைஞரான டியூக் எலிங்டன் அதன் பியானோ ரோலை (பியானோவைத் தானாக வாசிக்கவைக்கும் காகிதச் சுருளை) மெதுவாக ஓடவிட்டு, இறங்கும் கட்டைகளில் விரல் வைத்துக் கற்றுக்கொண்டார்.

ஜூன் 5, பின்னிரவு

மேலே சொன்னதோடு டேட்டம் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அவருடைய இடது கை ஸ்ட்ரைடில்தான் தொடங்கும், ஆனால் நடுவில் விழும் கார்ட் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு மேலே அப்படியே போய்க்கொண்டிருக்க, கீழே வேறொரு தெருவழியாகப் போய் சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்வார். அவருடைய வேகத்தை மட்டும் பேசுபவர்கள் இந்தச் சுற்றுவழியைக் கேட்பதில்லை. 1953-லிருந்து இசைத்தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அவரை உட்காரவைத்துத் தனி பியானோவாகப் பதிந்த இசைத்தட்டுகள் ஏராளம், மெதுவான பாட்டாகப் பார்த்து அவற்றில் தொடங்குங்கள்.

ஜூன் 8

பில் எவன்ஸ். எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று நேராகக் கேட்டால் இவர்தான்.

இவர் என்ன செய்தார் என்பதை ஒரு கீபோர்டு இருந்தால் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடலாம். 'ச' என்பதை மேற்கத்திய இசையின் சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் ம, த, ச, க நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது டி மைனர் குடும்பத்துக் கார்ட், ஆனால் டி, அதாவது ரி, கையில் இல்லவே இல்லை. இப்போது அந்த 'ச'வை மட்டும் அரைக் கட்டை இறக்கி 'நி' ஆக்குங்கள், மற்ற மூன்று விரலும் அசைய வேண்டாம். ம, த, நி, க. ஜி செவன்த் வந்துவிட்டது, அதிலும் ஜி, அதாவது ப, இல்லை. ஒரே ஒரு விரல்தான் நகர்ந்தது, ஆனால் பாட்டே ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. கையில் இல்லாத அந்த ரியையும் பவையும் பேஸ் வாசிப்பவர் கீழே கொடுப்பார். கொடுக்காமலும் போகலாம், காது தானாக நிரப்பிக்கொள்ளும். இதை முதல் தடவை எங்கள் பேஸ் அண்ணனோடு வாசித்தபோது அவர் தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஏரியா முழுசாகக் கிடைத்துவிட்டது.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற கீழ்த்தள கிளப். எவன்ஸ், பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். பகலும் இரவுமாக ஐந்து சுற்று வாசித்ததை அப்படியே பதிந்தார்கள். கூட்டம் பேசுவதும் கண்ணாடி டம்ளர்கள் இடிபடும் சத்தமும் பதிவில் இருக்கின்றன, ஒரு பாட்டின் நடுவில் மின்சாரம் போய் ஒலி விட்டுப்போன இடம்கூட இருக்கிறது. எவன்ஸின் இடது கை கீழே இறங்காததால் லஃபாரோ அங்கே சும்மா தட்டு எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மேலே ஏறுகிறார், எதிர்க்கேள்வி போடுகிறார், சில இடங்களில் அவரே பாடகர் ஆகிவிடுகிறார். பியானோ ஒதுங்கி நின்று அவருக்குப் பதில் சொல்கிறது. 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேட்கும்போது பியானோ ஒரு கார்டை வைத்துவிட்டு அது அடங்கும்வரை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று பாருங்கள்.

பதினொரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை. அந்த ஒரு நாள் பதிவுதான் அந்த மூவரின் சாதனையாக நிற்கிறது, இன்றுவரை மூவர் குழு வைக்கும் எவரும் அதைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

ஜூன் 9

நேற்று எழுதியதைப் படித்தால், கார்டின் அடிஸ்வரத்தை (அந்த ரியையும் பவையும் போல) விட்டுவிடும் அந்த வழியை எவன்ஸ் ஒருவரே கண்டுபிடித்தார் என்பது போல இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஆண்டுகளில் ரெட் கார்லண்ட், விண்டன் கெல்லி, அகமது ஜமால் எல்லாரும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். எவன்ஸின் தனித்தன்மை அந்த நான்கு ஸ்வரங்களையும் ஒரே எடையில் அழுத்தாததில் இருக்கிறது. உள்ளே நகரும் விரலுக்கு மட்டும் ஒரு பொட்டு கூடுதல் அழுத்தம் தருகிறார், அது தனி மெட்டாகவே காதில் விழுகிறது. புத்தகத்திலிருந்து அந்தக் கார்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அந்த எடை வர வருடக்கணக்கில் உட்கார வேண்டும்.

கூடவே 1958-ல் பதிந்த 'பீஸ் பீஸ்' கேளுங்கள். இடது கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இரண்டே கார்டுகள். வலது கை மெல்ல மெல்ல எங்கோ போய்ப் பறவை மாதிரி கொத்துகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும் இடத்தில்தான் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஜூன் 13

இப்போது மங்க்.

தப்பாக வாசிக்கிறார் என்று சொன்னீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். அவர் அடிக்கும் அந்த இடிக்கும் ஸ்வரத்தை, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக அழுத்தும் இடத்தை, குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் அதே இடம் வரும்போது கேளுங்கள். திரும்ப அங்கேதான் விழும், அல்லது அதிலிருந்து பிறந்த இன்னொன்று விழும். தவறிய விரல் இப்படிக் கணக்காகத் திரும்பி வராது. பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு ஸ்வரம் கிடையாது, குரல் வளைவது போல அதை வளைக்க முடியாது. இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஒன்றை மட்டும் சட்டென்று விட்டுவிட்டால், வளைந்தது போலக் கேட்கும். மங்க் அதைச் செய்கிறார். விரல்களை மடக்காமல் நீட்டியபடி கட்டையில் அறைகிறார், பியானோ ஆசிரியர்கள் யாரும் அப்படிச் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் அந்தக் கணீர் ஒலி வேறு எப்படி வாசித்தாலும் வருவதில்லை. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

1954 டிசம்பர் 24-ல் மைல்ஸ் டேவிஸின் குழுவோடு அவர் வாசித்த 'பேக்ஸ் க்ரூவ்' இருக்கிறது. தன் டிரம்பெட்டுக்குப் பின்னால் வாசிக்க வேண்டாம் என்று மைல்ஸ் அவரிடம் சொல்லிவிட்டார். சரி என்று மங்க் சும்மா இருக்கிறார். தன் முறை வந்ததும் ஒரு குட்டிச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பி, நீட்டி, நடுவில் ஓட்டை விட்டு, சுற்றுக்கு மேல் சுற்றாக என்னவெல்லாமோ கட்டுகிறார். ஓட்டப்பந்தயமே இல்லை. மொத்தம் எவ்வளவு குறைவான ஸ்வரங்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சின்ன சங்கதியை வைத்துக்கொண்டு பெரிதாக யோசிப்பது என்றால் இதுதான்.

அவருடைய இடது கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நேராக ஸ்ட்ரைடிலிருந்து. வட கரோலைனாவில் ராக்கி மவுண்டில் 1917-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே நியூயார்க் வந்துவிட்டார். வளர்ந்தது மன்ஹாட்டனின் சான் வான் ஹில் பகுதியில், ஜேம்ஸ் பி. ஜான்சனும் அங்கே குடியிருந்தவர். மங்க் தனியாக வாசிக்கும் பதிவுகளில் அந்தப் பழைய இடது கை அப்படியே நடந்து வருகிறது, என்ன, சில இடத்தில் அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்று யோசிக்கிறது. பழையதை நன்றாகக் கற்றவர்தான் அதை இப்படிப் பாதியில் நிறுத்த முடியும்.

இவ்வளவு பெரிய ஆளை 1951-லிருந்து 1957 வரை நியூயார்க் கிளப்புகளில் வாசிக்கவிடவில்லை. போலீஸ் கொடுக்கும் அனுமதி அட்டை பறிபோனதால் மது விற்கும் இடத்தில் மேடை கிடையாது. 33 வயதிலிருந்து 39 வரை ஒரு கலைஞனுக்கு எப்படிப்பட்ட வயது! அட்டை திரும்பிய வருடமே ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். அதே வருடம் நவம்பரில் கார்னகி ஹாலில் இருவரும் வாசித்த நாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்து 2005-ல் வெளியே வந்தது. அதில் மங்க் கோல்ட்ரேனுக்குப் பின்னால் எப்போது கையை எடுக்கிறார், எப்போது வைக்கிறார் என்று மட்டும் கேட்டாலே போதும்.

ஜூன் 14

பட் பவல் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, இடது கை என்று ஆரம்பித்துவிட்டால் அவரைக் குறைவாக மதிப்பிடும் ஆபத்து இருக்கிறது. அவர் இடது கையில் இரண்டே ஸ்வரம் வைத்து, அதையும் அங்கங்கே குத்திவிட்டு, வலது கையில் சார்லி பார்க்கரின் சாக்ஸபோன் ஓடுவது போல ஓடினார். அதுவரை பியானோ சுமந்த பாரத்தை இறக்கிவைத்ததே அவர் இடது கையின் வேலை. பின்னால் வந்த அத்தனை பேரும் அந்த இறக்கிவைத்த இடத்திலிருந்துதான் நடக்கிறார்கள், எவன்ஸும் சேர்த்து. 1951-ல் பதிந்த 'ஊன் போகோ லோகோ' மூன்று தடவை வாசித்தது மூன்றும் கிடைக்கிறது, டிரம்ஸில் மேக்ஸ் ரோச் மாட்டுமணி மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டே இருக்க பவல் எப்படி விதவிதமாக அதன்மேல் ஏறுகிறார் என்று மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். 1945-ல் போலீஸ் அடித்ததில் தலையில் அடிபட்டு, வாழ்நாளில் பெரும்பகுதி மருத்துவமனைகளிலும் நோயிலும் போயிற்று. 41 வயதில் இறந்தார். இதை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

ஜூன் 14, சற்று நேரம் கழித்து

இன்னொருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: "அண்ணா, இடது கையே வாசிக்காத ஹெர்பி ஹான்காக்கை என்ன செய்வீர்கள்?" 1966-ல் மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' பதிவைச் சொல்கிறார். உண்மைதான், அதில் பல பாட்டுகளில் ஹான்காக் தன் முறை வரும்போது இடது கையை மடியில் வைத்துவிட்டது போல வலது கை மட்டும்தான் ஒலிக்கிறது. பதினொரு வயதில் சிகாகோ சிம்ஃபனியோடு மோட்ஸார்ட் வாசித்த பையன், கை இல்லாமல் இல்லை. கார்ட் இல்லையென்றால் எந்தச் சட்டத்துக்குள் வாசிக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது, டிரம்ஸில் டோனி வில்லியம்ஸும் பேஸில் ரான் கார்ட்டரும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இழுக்கலாம். என் வாதத்துக்கு இது எதிர் என்று நினைத்துக் கேட்டார் போல, எனக்கு இது துணைக்கு வருகிறது. இடது கைக்கு ஓய்வு கொடுப்பதும் இடது கை பற்றிய முடிவுதான்.

ஜூன் 18

கொஞ்சம் பாதை மாறுகிறேன். டேவ் புரூபெக்கைப் பலர் 'டேக் ஃபைவ்' என்ற ஒரே பாட்டில் நிறுத்திவிடுவார்கள், அந்தப் பாட்டை எழுதியதும் அவர் இல்லை, சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். ஆனால் அதில் புரூபெக் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஐந்து எண்ணிக்கை, நம் கண்டசாபு தாளம் தக தகிட என்று போகும், இது தகிட தக என்று போகிறது. ஜோ மொரெல்லோ டிரம்ஸில் எங்கெங்கோ போய்வர, புரூபெக் அந்த ஒரே உருவத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் பெற்ற பியானோக்காரர் தன் குழுவின் டிரம்மருக்குத் தாளம் போட்டுக்கொண்டிருப்பது சின்ன விஷயமா?

இவர்கள் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் 1958-ல் மெட்ராஸ் வந்தார்கள், மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். பழனி இடது கைக்காரர் என்பது கச்சேரி கேட்பவர்களுக்குத் தெரியும். அவர் வாசித்தால் மேடையில் உட்காரும் வரிசையே மாற வேண்டும் என்பதற்காகவே அவரைப் போடத் தயங்கிய காலம் இருந்தது, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் கூட நின்றார். மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியில் அவர் கொடுத்த கும்கி என்ற வளையும் ஒலியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 'டேக் ஃபைவ்' பதிவானது அடுத்த வருடம், 1959. மெட்ராஸிலிருந்துதான் அந்த ஐந்து போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை, யாராவது அப்படிக் கிளப்பிவிட வேண்டாம். பழனியும் புரூபெக் குழுவும் சேர்ந்து வாசித்தார்கள் என்பதே எனக்குப் போதுமான சந்தோஷம்.

ஜூன் 20

சுருக்கமாகச் சில பெயர்கள், கேட்டவர்களுக்காக.

எரால் கார்னர்: நொட்டேஷன் படிக்கவே தெரியாது. இடது கை கிட்டார் மாதிரி நான்கு தட்டும் சரசரவென்று அடிக்க, வலது கை ஒரு இமை பின்தங்கி வரும். அந்தப் பின்தங்கலில்தான் ஆனந்தம். 1955-ல் கலிஃபோர்னியாவின் கார்மெலில் பதிந்த 'கான்சர்ட் பை தி ஸீ'. ஒலித்தரம் சுமார், பரவாயில்லை.

அகமது ஜமால்: 2023-ல் 92 வயதில் மறைந்தார். 1958 ஜனவரியில் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் பதிந்த 'பாயின்சியானா', எட்டு நிமிடம், அதில் அவர் வாசிக்காத நேரத்தைக் கேளுங்கள். வெர்னல் ஃபூர்னியேயின் டிரம்ஸ் தனியாகப் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு ஸ்வரம் தூவிவிட்டு ஜமால் மறுபடி காத்திருப்பார். அந்த இசைத்தட்டு நூறு வாரத்துக்கு மேல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. அடக்கி வாசித்தால் சனங்களுக்குப் பிடிக்காது என்பவர்களுக்கு இது பதில்.

மேரி லூ வில்லியம்ஸ்: இந்த இழையில் இதுவரை ஒரு பெண் பெயர்கூட வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார், சரியான பேச்சு. ஸ்ட்ரைட், பூகி வூகி, ஸ்விங், பீபாப் என்று ஜாஸ் பாணி காலத்துக்குக் காலம் மாற மாற அவரும் கூடவே வளர்ந்தார், ஒவ்வொன்றையும் அதன் உள்ளிருந்து வாசித்தார். அப்படி வேறு யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1940-களில் மங்க்கும் பவலும் அவருடைய ஹார்லெம் வீட்டில் வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டிக் கற்றவர்கள். 1945-ன் 'ஸோடியாக் ஸ்வீட்' தேடிக் கேளுங்கள். பியானோ பட்டியல்களில் இவரைக் கடைசி வரியில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, நானும் தாமதமாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன், ஆனால் அவர் இடம் முதல் வரிசை.

ஜூன் 25

இன்று வான்கார்ட் பதிவின் நாள் என்பதால் காலையிலேயே எவன்ஸ் போட்டேன், பிறகு கை மெக்காய் டைனருக்குப் போய்விட்டது. கோல்ட்ரேன் குழுவில் 1960-லிருந்து 1965 வரை இருந்தவர். எவன்ஸ் கீழ்ப்பக்கத்தைப் பேஸுக்குக் கொடுத்தார் என்றால் டைனர் அங்கே திரும்பிப் போய் இடி இடிக்கிறார். கடைசிப் பக்கக் கட்டைகளில் ச-ப என்று வெறும் இரண்டு ஸ்வரம், பெடலை அழுத்தியபடி ஒரு அறை. உடனே அந்தக் கை நடுவுக்குத் தாவி, நாலு நாலு ஸ்வர இடைவெளியில் அடுக்கிய கார்ட்: ரி, ப, ச போல. அதில் மேஜரா மைனரா என்று சொல்லும் ஸ்வரமே கிடையாது. கோல்ட்ரேன் எந்தப் பக்கம் போனாலும் கீழே தரை இருக்கும். 1964 டிசம்பரில் பதிந்த 'எ லவ் சுப்ரீம்' முழுக்க இதுதான் நடக்கிறது. நல்ல ஒலிபெருக்கி வைத்துக் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த இடது கை காணாமலே போய்விடும்.

ஜூன் 27

கீத் ஜாரெட்டின் தனி பியானோக் கச்சேரி 'கோல்ன் கான்சர்ட்' பற்றிப் பேசாமல் விட்டால் அடிப்பீர்கள். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கு. கேட்டது பெரிய பியானோ, மேடையில் இருந்தது சின்னது, சுருதி சேராதது, மேல் கட்டைகள் சன்னம், கீழே கனம் இல்லை. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த வேரா பிராண்டஸுக்கு அப்போது வயது 18. ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கினார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதன் பலன் எந்தக் கையில் என்று யாரும் சொல்வதில்லை. கீழ்ப்பக்கம் ஒலிக்காத பியானோவில் ஒரு தடவை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதனால் இடது கை ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டே இருக்கிறது, முதல் பகுதியில் இரண்டு கார்டுக்கு நடுவே நிமிடக்கணக்கில். இரண்டாம் பகுதி தொடங்கும் இடத்தில் அந்த உருட்டல் கிட்டத்தட்ட டிரம்ஸ்.

ஜாரெட்டுக்கு 2018-ல் இரண்டு முறை பக்கவாதம் வந்தது. இடது கை போயிற்று. பீட்டர்சனுக்கும் 1993-ல் அதேதான், அதே பக்கம். பீட்டர்சன் இரண்டு வருடம் போலப் பயிற்சி எடுத்து மேடைக்குத் திரும்பினார், பிறகும் பல வருடம் வாசித்தார், 2007-ல் இறந்தார். அந்தப் பிற்காலப் பதிவுகளில் வலது கை அதே பீட்டர்சன், கீழே மட்டும் அங்கங்கே ஒரு கார்ட். முதல் கேள்வியை எழுதியவர் இவற்றையும் 1962-ன் 'நைட் ட்ரெயின்' பதிவையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'நைட் ட்ரெயின்' கடைசியில் வரும் 'ஹிம் டு ஃப்ரீடம்', மெதுவான பாட்டு, தேவாலயப் பாட்டு போன்ற கார்டுகள், மெல்ல மெல்ல ஏறி இரண்டு கையும் சேர்ந்து அதிரும் இடம். நான் பீட்டர்சனை நேசிப்பது அந்த இடத்துக்காக. அங்கே வேகமே இல்லை.

ஜூலை 2

விஜய் ஐயர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் பட்டியலில் வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காக வேண்டாம், வாசிப்புக்காக வர வேண்டும். 1971-ல் அமெரிக்காவில் பிறந்தவர், சின்ன வயதில் முறையாகக் கற்றது வயலின், பியானோ கேள்வி ஞானம். இயற்பியல் படித்துவிட்டு இசைக்கு வந்தவர், மங்க்தான் தன் ஆசான் என்பதை ஒளிக்காதவர். 2009-ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' பதிவில் எம்.ஐ.ஏ.வின் 'கலாங்' பாட்டை மூவர் குழுவாக வாசித்திருக்கிறார். ஈழத் தமிழ்ப் பெண் லண்டனில் செய்த பாட்டை நியூயார்க்கில் ஒரு தமிழர் பியானோவில் எடுக்கிறார். அதில் இடது கை கம்ப்யூட்டர் அடிக்கும் பேஸைப் போலக் கீழே குத்திக்கொண்டே போகிறது, கேட்ட முதல் நாள் என் கீபோர்டில் அதை முழுசாக இரண்டு நிமிடம் பிடிப்பதற்குள் முன்கை இறுகிவிட்டது.

ஜூலை 3

மங்க்கில் எதை முதலில் கேட்பது என்று கேள்வி கேட்டவரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். பெரிய மகிழ்ச்சி. 1957-ல் பதிந்த 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்', பெரும்பாலும் தனி பியானோ. பிறகு வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் ''ரவுண்ட் மிட்நைட்' பாட்டை அவர் ஸ்டூடியோவில் தேடித் தேடி வாசிக்கும் இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவு ஒன்று சேர்த்திருக்கிறார்கள், அந்தப் பதிப்பாகவே பாருங்கள். தன் சொந்தப் பாட்டு, எத்தனையோ வருடம் வாசித்த பாட்டு. நிறுத்துகிறார், ஒரே கார்டை மாற்றி மாற்றி வைக்கிறார், மறுபடி ஆரம்பத்துக்குப் போகிறார். முதலில் அதைக் கேளுங்கள், பிறகு முடிந்த பதிவைக் கேளுங்கள். தப்பு என்று உங்களுக்குக் கேட்ட ஸ்வரங்களில் எவற்றை அவர் வைத்துக்கொண்டார், எவற்றைத் தூக்கிப்போட்டார் என்று குறித்து எழுதுங்கள், அதிலிருந்து பேசலாம்.